வெள்ளைக்கல் பரணியும் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டும்



வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஆலய வளாகத்தை ஒட்டியுள்ள மழைநீர் வடிகாலைத் தூர்வாருவது எங்கள் திருச்சபையின் ஆண்டு வழக்கம். சென்ற மழைக்காலத்துக்கு முன்பும் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த பிள்ளைகள் மண்வெட்டியோடும் கூடையோடும் இறங்கினார்கள். சேற்றைவிட அதிகமாக வந்தது பிளாஸ்டிக். அதைத் தார்ப்பாயில் கொட்டிப் பரப்பியபோது, பெரும்பகுதி ஷாம்பு, தலைமுடி எண்ணெய், முகப்பூச்சு ஆகியவற்றின் சிறு பாக்கெட்டுகளாகவே இருந்தன. சில பல ஆண்டுகள் பழையவை. ஆயினும் அவற்றின் பளபளப்புக் குன்றவில்லை. அச்சிட்ட பெண்ணின் கூந்தல்கூட மங்காமல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றியே பிரசங்கித்தேன். ஒரு சாக்கைப் பலிபீடத்தின் அருகே வைத்து, "ஒரு நிமிட அழகுக்காக ஆண்டவருடைய பூமியை நாம் குப்பைமேடாக்குகிறோம், இந்தப் பாக்கெட்டுகளை இனி யாரும் வாங்காதீர்கள்" என்றேன். ஆராதனை முடிந்ததும் பலர் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். கடைசியாக ஓர் அம்மா வந்தார். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவர். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. பாக்கெட்டு வாங்காதேன்னு சொன்னீங்க. எங்கிட்ட அன்னன்னைக்குக் கையில இருக்கிறதே கொஞ்சந்தான். பெரிய பாட்டிலுக்கு மொத்தமா எரநூறு ரூவாய்க்கு நான் எங்க போவேன்? என் மவ பள்ளிக்கூடத்துக்குத் தலை குளிச்சிப் போவணும்ல?"

என்னிடம் விடை இல்லை. "சரிதான் அம்மா" என்று மட்டும் சொன்னேன். அன்று மாலை ஒரு மளிகைக் கடைக்குச் சென்று விலைகளைப் பார்த்தேன். ஒரே ஷாம்புவின் பாக்கெட்டையும் பாட்டிலையும் எடுத்து, மில்லிலிட்டருக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தேன். பாக்கெட்டே மலிவாக இருந்தது. அந்த அம்மா சிக்கனமாகவும் அறிவோடும் வாங்குகிறார். கணக்குப் பார்க்காமல் பேசியவன் நான்தான்.

அன்றிரவு பெத்தானியாவில் நடந்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ஒரு பெண் நளதத் தைலம் நிறைந்த வெள்ளைக்கல் பரணியை உடைத்து இயேசுவின்மேல் ஊற்றுகிறாள். ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய ஓராண்டுக் கூலிக்கு ஈடான வாசனைத் தைலம் அது. உடனே சுற்றியிருந்தவர்கள் அவளைக் கடிந்துகொள்கிறார்கள். வீண் செலவு என்கிறார்கள். ஏழைகளின் பெயரையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஆண்டவரோ அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவள் பக்கம் நிற்கிறார். யோவான் எழுதிய சுவிசேஷம் இன்னொன்றையும் கூறுகிறது: கடிந்துகொண்ட குரல், பணப்பையைக் கையில் வைத்திருந்தவனுடைய குரல்.

அழகுப் பொருள்களும் சுற்றுச்சூழலும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் முதலில் கடிந்துகொள்வது பெண்களை, அடுத்து ஏழைகளை. பணப்பையை வைத்திருப்பவர்களை நோக்கி நம் விரல் நீள்வதில்லை. இந்த வாரம் நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து இதுதான்: அழகுப் பொருள்களின் குப்பைக்கு முதலாவதாகப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் அவற்றை வடிவமைத்து விற்பவர்கள், இரண்டாவதாக, தெரிவு செய்யும் வசதியுள்ள நம்மைப் போன்றவர்கள், கடைசியாகத்தான் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டை வாங்குபவர்கள். நான் அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பிரசங்கித்துவிட்டேன்.

இந்தச் சிறு பாக்கெட் நம் மண்ணோடு நெருங்கிய தொடர்புடையது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவரே, வசதியுள்ளவர்கள் பயன்படுத்தும் பொருள்களைச் சிறு அளவில் அடைத்தால் கூலித் தொழிலாளியும் வாங்கலாம் என்று கண்ட முன்னோடி. அவருடைய பிள்ளைகள் 'வெல்வெட்' ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அவர்களுள் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவைச் சிற்றூர்தோறும் சேர்த்தார். அதுவரை பெரிய புட்டியில் கடைக்காரரின் அலமாரி உச்சியில் இருந்த ஒரு பொருள், வயலிலிருந்து திரும்பும் பெண்ணின் கைக்கு எட்டியது. இதை நான் இகழமாட்டேன். தூய்மையும் நறுமணமும் செல்வருக்கு மட்டும் உரியவை அல்ல என்று காட்டிய முயற்சி அது.

குறை அதன் நோக்கத்தில் இல்லை, உறையில் இருக்கிறது. ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து வெளிச்சத்தில் பாருங்கள். அச்சு ஏற்க ஒரு பிளாஸ்டிக் படலம், ஈரமும் காற்றும் புகாமல் தடுக்கப் பல வேளைகளில் ஓர் அலுமினியப் பூச்சு, ஓரங்களை ஒட்ட வேறொரு பிளாஸ்டிக் படலம் என்று பல அடுக்குகள் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியே பிரித்து உருக்குவது கடினம், செலவும் மிகுதி. எனவே பழைய பொருள் வியாபாரி அதற்கு விலை தருவதில்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் தேடிப் பொறுக்குகிறவர் இதைக் கண்டும் கடந்து செல்கிறார். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் குனிய வேண்டும். குனிந்தாலும் கூலி இல்லை. ஆகவே அது வடிகாலுக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது.

அரசு இதை அறியாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத பல்லடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளில் கைவிட வேண்டும் என்று கூறின. குட்கா, புகையிலை, பான் மசாலா ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்து விற்பதை அதே விதிகள் தடை செய்தன. ஆனால் இரண்டு ஆண்டுக் கெடு முடியும் தறுவாயில், 2018இல் ஒரு திருத்தம் வந்தது. மறுசுழற்சிக்கு உதவாததாக இருந்தால் மட்டும் போதாது. எரித்து ஆற்றல் பெறவும் உதவாததாக, வேறு எப்பயனும் அற்றதாக இருந்தால்தான் அதைக் கைவிட வேண்டும் என்று விதி மாறியது. எரியாத பிளாஸ்டிக் எது? சிமெண்ட் ஆலைச் சூளையில் போட்டால் எல்லாம் எரியும். இவ்வாறாக ஷாம்பு பாக்கெட் தப்பியது. 2022 ஜூலை முதல் நாளன்று நாடெங்கும் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களின் பட்டியலில், பிளாஸ்டிக் குச்சியுள்ள காது குடையும் பஞ்சு இடம்பெற்றது; ஷாம்பு பாக்கெட் இடம்பெறவில்லை. உற்பத்தியாளரே தம் உறைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விரிவான நெறிமுறைகளும் அதே ஆண்டில் வந்தன. அது நல்ல தொடக்கம். ஆயினும், எங்கோ ஓரிடத்தில் இத்தனை டன் பிளாஸ்டிக்கை எரித்தோம் என்று கணக்குக் காட்டுவதும், எங்கள் வடிகாலில் கிடக்கும் பாக்கெட்டைத் திரும்ப எடுப்பதும் ஒன்றல்ல.

இனி வசதியுள்ள நம் வீட்டிற்குள் வருவோம். அந்த மளிகைக் கடையிலிருந்து திரும்பிய பின், நானும் என் மனைவியும் எங்கள் குளியலறை அலமாரியைக் காலி செய்து பார்த்தோம். பாதி பயன்படுத்திய மூன்று ஷாம்புகள், யாரோ பரிசளித்துத் திறக்கப்படாத வாசனைத் திரவியங்கள், காலாவதியான முகப்பூச்சு இரண்டு, என் பங்காகச் சவர நுரைக் குப்பி ஒன்று. அழுத்தினால் ஷாம்பு வரும் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஓர் உலோகச் சுருள்வில், இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக். அதையும் எந்த வியாபாரியும் அப்படியே வாங்கமாட்டார். விலை உயர்ந்த பூச்சுகளுக்கு அழகூட்டும் கறுப்பு மூடிகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. இயந்திரங்களால் குப்பை பிரிக்கும் நாடுகளில், கரிச்சாயம் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக்கை அந்த இயந்திரங்களின் அகச்சிவப்புக் கதிர் அடையாளம் காண்பதில்லை. அவை கழிவோடு போய்விடுகின்றன. அந்த அம்மாவின் பாக்கெட் ஒரு தலைக்குளிப்புக்கேனும் முழுதாகப் பயன்பட்டது. எங்கள் அலமாரியில் இருந்தவற்றுள் பல, ஒரு துளியும் பயன்படாமலேயே குப்பையாகக் காத்திருந்தன.

உறையை மட்டும் பேசி உள்ளிருப்பதை விட்டுவிடுவதும் நேர்மையாகாது. முகத்தைத் தேய்க்கும் களிம்புகளில் பல ஆண்டுகளாக நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைக் கலந்தார்கள். கழுவியதும் அவை சாக்கடை வழியே நீர்நிலைகளை அடைந்தன. சுத்திகரிப்பு நிலையங்களால் அவற்றை முழுவதும் தடுக்க இயலவில்லை. அமெரிக்கா 2015இல் சட்டமியற்றிக் கழுவிவிடும் அழகுப் பொருள்களில் அவற்றைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்பிளாஸ்டிக்குகளுக்குப் படிப்படியான தடை கொண்டுவந்தது. ஹவாய்த் தீவுகளில், பவளப்பாறைகளுக்குக் கேடு என்று கருதப்பட்ட இரண்டு வேதிப்பொருள்கள் கொண்ட வெயில் தடுப்புப் பூச்சுகளின் விற்பனை 2021 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. நம் பாட்டிமார் தேய்த்த பயத்தம்மாவு அந்தப் பிளாஸ்டிக் மணிகளின் வேலையைச் செவ்வனே செய்தது. நீரோடு போனாலும் மண்ணுக்கு உணவாயிற்று.

அப்படியானால் 'இயற்கையானது' என்று எழுதியிருப்பதை வாங்கினால் போதுமா? இங்கேயும் பெத்தானியாவின் பரணி நமக்குப் பாடம் சொல்கிறது. நளதம் நம் மருத்துவ நூல்கள் சடாமாஞ்சில் என்று கூறும் செடியின் வேர்க்கிழங்கிலிருந்து வருவது. இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் மெதுவாக வளரும் சிறு செடி அது. கிழங்கைத் தோண்டினால் செடி அழிகிறது. தைலத்துக்கும் மருந்துக்கும் அளவின்றித் தோண்டியதால், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அது இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனம். அதன் பன்னாட்டு வாணிகமும் 1997 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சந்தன மரத்தின் கதையையும் நாம் அறிவோம். முகப்பூச்சுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் மினுமினுப்புத் தரும் காக்காய்ப்பொன் எனும் அப்பிரகமும் இயற்கையானதுதான். ஆனால் ஜார்க்கண்டின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் அதைப் பொறுக்கியவர்களுள் பள்ளிக்குச் செல்ல வேண்டிய குழந்தைகளும் இருந்தார்கள். ஆகவே 'இயற்கை', 'பசுமை' என்ற சொற்களை உறையில் கண்டதும் நாம் நிறைவடைந்துவிடக் கூடாது. சான்றில்லாத பசுமைக் கூற்றுகளுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. நிறுவனத்திடம் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பதற்கு ஆதாரமும் உண்டு.

என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். செய்ய இயலாது என்பவர்களுக்கு முதலில் இரண்டு சான்றுகள்.

பற்பசைக் குழாயும் ஷாம்பு பாக்கெட்டைப் போலப் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல்லடுக்குப் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. 2019இல் கோல்கேட் நிறுவனம் ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் மறுசுழற்சிக்கு உகந்த குழாயைச் செய்து காட்டியது. அந்தத் தொழில்நுட்பத்தைப் போட்டி நிறுவனங்களோடும் பகிர்ந்துகொண்டது. குழாயை மாற்ற முடிந்த அறிவுக்குப் பாக்கெட்டை மாற்றுவது இயலாத காரியமா?

இரண்டாவது சான்றைச் சொல்லும்போது ஒரு போதகனாக எனக்குச் சற்றே கூச்சம். நீலகிரிக் காடுகளில் வீசப்பட்ட மதுப் பாட்டில்களின் உடைந்த சில்லுகள் யானைகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 முதல் அம்மாவட்ட மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, வெறும் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. மதுப் பாட்டிலுக்கு நாம் கொடுத்த அந்த மதிப்பை ஷாம்பு பாட்டிலுக்கும் பவுடர் டப்பாவுக்கும் கொடுக்க முடியாதா? வெற்றுப் பாக்கெட் பத்துக்கு ஒரு ரூபாய் என்று கடையிலேயே திரும்பப் பெற்றால், எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்றைக்கூட வடிகாலில் விடமாட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி நம் ஊர் வழக்கத்திலேயே உண்டு. கடைக்குப் புட்டியை எடுத்துச் சென்று நல்லெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் அளந்து வாங்கியவர்கள் நாம். பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்கியவரைக் கடைக்காரர் திருப்பி அனுப்பியதில்லை. சிறு அளவில் வாங்குவது ஏழையின் தேவை. அதற்குச் சிறு பிளாஸ்டிக் உறைதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஷாம்புவையும் இவ்வாறு ஊற்றிக் கொடுக்கலாம். கலப்படம் நேராமலும், ஈரப் புட்டியில் கிருமி வளராமலும், தயாரித்த நாளும் காலாவதி நாளும் வாங்குபவருக்குத் தெரியுமாறும் விதிகள் வேண்டும். அவ்விதிகளை வகுப்பது அரசின் கடமை. அந்த வசதியை மளிகைக் கடைவரை கொண்டுசேர்ப்பது நிறுவனங்களின் கடமை. சிற்றூரின் கடைசிக் கடைவரை பாக்கெட்டைச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாததல்ல.

நம் பங்கு என்ன? வீட்டில் இருப்பதை முழுவதும் பயன்படுத்தித் தீர்த்த பின்னரே அடுத்ததை வாங்குவோம். புட்டியில் அடைத்த ஷாம்புவிலும் திரவச் சோப்பிலும் பெரும்பகுதி தண்ணீரே. ஆகவே தாளில் சுற்றிய கட்டிச் சோப்பும், சீயக்காய்த் தூளும் அரப்புத் தூளும் யாருக்கு ஒத்துவருமோ அவர்கள் அவற்றுக்குத் திரும்பலாம். மறுநிரப்பு உறையை வாங்குவோர், பழைய புட்டியை உண்மையிலேயே பலமுறை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுப் புட்டியும் வாங்கினால் இரட்டைக் குப்பையே மிஞ்சும். ஆண்டு நிறைவுக்கும் பிறந்தநாளுக்கும் அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் தட்டு, அதற்குள் நான்கு குப்பிகள் என்று பரிசளிக்கும் பழக்கத்தை விடுவோம். பெறுபவர் பயன்படுத்துவாரா என்று எண்ணாமல் கொடுப்பது அன்பாகாது. இவை எல்லாம் தெரிவு செய்ய வசதியுள்ளவர்களுக்கு நான் சொல்பவை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ்தோறும் எளிய குடும்பங்களுக்குப் பரிசுப் பை வழங்குவோம். சோப்பு, பவுடர், ஒரு சரம் ஷாம்பு பாக்கெட், எல்லாவற்றையும் கண்ணாடித்தாளில் சுற்றி நாடா கட்டி, நான்தான் ஜெபித்துக் கொடுப்பேன். வடிகாலிலிருந்து வந்தவற்றுள் நான் ஜெபித்துக் கொடுத்தவையும் இருந்திருக்கும்.

சென்ற ஆண்டு பைக்கான பட்டியலை எழுதுவதற்கு முன், அந்த அம்மாவை அழைத்துப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தாரோடு உட்கார வைத்தோம். "உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா?" என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. சிறிது யோசித்துவிட்டு, "கட்டிச் சோப்பு போதும்யா. தேங்கா எண்ணெ நல்ல பாட்டில்ல குடுங்க. ஆனா பாட்டில் மட்டும் குடுத்துட்டு விட்றாதீங்க. தீந்தா மறுபடி ஊத்தித் தர்றதுக்கு ஒரு ஆளு வேணும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் சங்கத்தாரை யோசிக்க வைத்தது. ஒரு நாள் கொடுத்து முடிப்பது எளிது. மாதந்தோறும் நிரப்பிக் கொடுப்பது பொறுப்பு. இப்போது ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும், ஆராதனைக்குப் பின், ஊர்ச் செக்கிலிருந்து டின்னில் வாங்கிய தேங்காயெண்ணெயைச் சங்கத்தார் அளந்து ஊற்றுகிறார்கள். வாங்குபவர்கள் தம்மால் இயன்றதைக் கொடுக்கிறார்கள். எல்லோரும் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. இரண்டு மாதம் ஊற்ற ஆள் இல்லாமல் தடைப்பட்டதும் உண்டு. ஷாம்புவுக்கு இன்னும் வழி காணவில்லை. அந்த அம்மாவின் மகள் இன்றும் பாக்கெட்தான் வாங்குகிறாள். அதற்காக அவளைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. அவளுக்கு வேறொரு வழியை வைக்காத விற்பனையாளர்களிடமும், எரிந்தால் போதும் என்று விதியை மாற்றியவர்களிடமும், கேள்வி கேட்காமல் வாங்கிக் குவிக்கும் நம்மிடமும்தான் எனக்குப் பேச்சு.

பெத்தானியாவில் உடைந்த பரணியும் ஒருமுறைப் பயன்பாடுதான் என்று நீங்கள் சொல்லலாம். உண்மையே. ஆனால் அது கல். உடைந்த சில்லுகள் அந்த வீட்டின் முற்றத்தில் மீண்டும் கல்லாயின. எந்த ஆற்றையும் அடைக்கவில்லை. எந்த மீனின் வயிற்றிலும் போகவில்லை. நாம் கிழித்து எறியும் உறை, நம் பேரப்பிள்ளைகள் தூர்வாரும் நாளிலும் அதே பளபளப்போடு வெளிவரும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குளியலறை அலமாரியை ஒருமுறை காலி செய்து தரையில் பரப்பிப் பாருங்கள். தீர்ந்த புட்டி ஒன்றை எடுத்து, அதன் பின்புறம் அச்சிட்டுள்ள நுகர்வோர் சேவை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்: "இதை நீங்கள் எப்போது திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள்?" ஒருவர் கேட்டால் அலட்சியம் செய்வார்கள். ஒரு சபை முழுவதும் கேட்டால், பல சபைகளும் பள்ளிகளும் கேட்டால், பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பூமியைப் பண்படுத்தவும் காக்கவும் நம்மிடம் ஒப்படைத்த ஆண்டவர், எளியவரைக் குறைகூறாமல் நம் கடமையைச் செய்யும் தெளிவை நமக்கு அருள்வாராக. ஆமென்.